கூடத்து மூலைக் குழாய்

எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில் பிள்ளையார் எழுந்தருளியதை முதலில் கண்டுபிடித்தது எதிர்வீட்டு மாமி. சுண்டல் கொடுக்க வந்தவர் கிண்ணத்தை நீட்டிய கையோடு அப்படியே நின்றுவிட்டார். கூடத்தின் தெற்கு மூலையில், மேல்தளத்துக்கு ஒரு முழம் கீழே, பழுப்பு நிறத்தில் ஒரு தும்பிக்கை, ஒரு காது, அதற்குக் கீழே கொஞ்சம் தொந்தி. மாமி கிண்ணத்தை என் மனைவியிடம் கொடுத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மறுநாள் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவர்களில் ஒருவர் செம்பருத்தி கொண்டுவந்திருந்தார்.

மூன்றாம் நாள் சமையலறைக் குழாயில் வாஷர் மாற்ற பிளம்பர் வந்தார். குமரி மாவட்டத்துக் கருங்கல் பக்கத்துக்காரர். இருபது வருஷமாகத் திருவனந்தபுரத்தில் வேலை. எங்கள் தெருவில் பாதி வீடுகளின் உள்விஷயம் அவருக்குத் தெரியும், அதாவது தரைக்கு அடியில் உள்ள விஷயம். கூடத்தைக் கடக்கும்போது நின்று, சுவரைப் பார்த்து, மூக்கை ஒருமுறை சுளித்தார். பிறகு அந்த மூலையில் இருந்த பச்சைப் பெயிண்ட் அடித்த இரும்புக் குழாயின் பின்னால் விரலை விட்டுத் துழாவினார்.

"சார், பூவ எடுத்துருங்க. மேல கக்கூஸ் பைப்பு கசியுது" என்றார்.

என் மனைவி பூவை எடுத்த வேகத்தை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்க்கவில்லை.

கரமனை அக்கிரகாரத்தில் எங்கள் வீடு தெருவின் நடுவில் இருக்கிறது. இரண்டு பக்கமும் சுவர் பொது. அந்தக் காலத்தில் கழிப்பறை என்பது கொல்லைப்புறத்தின் கடைசியில், ஆற்றுக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில் இருக்கவேண்டிய சமாசாரம். அப்பா மாடி கட்டியபோது மாடியிலேயே ஒரு கழிப்பறை வைத்தார். தெரு அதிர்ந்தது. பூஜை அலமாரி இருக்கிற கூடத்துக்கு மேலேயா என்று கேட்டார்கள். அப்பா அதற்குச் சொன்ன பதில், வார்ப்பிரும்புக் குழாய் போடுகிறேன், உள்ளே என்ன போகிறது என்று தெய்வத்துக்கே தெரியாது என்பது. சொன்னபடி நாலு அங்குல இரும்புக் குழாயைக் கூடத்து மூலை வழியாக இறக்கினார். ஒவ்வொரு மூட்டிலும் சணல் திணித்து ஈயத்தை உருக்கி ஊற்றினார்கள். நாற்பது வருஷத்துக்கும் மேலாக அந்தக் குழாய் ஒரு வார்த்தை பேசவில்லை. அதன் பக்கத்தில் உட்கார்ந்து நான் பரீட்சைக்குப் படித்திருக்கிறேன், கல்யாணம் செய்துகொண்டிருக்கிறேன். அதற்குள் தண்ணீர் ஓடி நான் கேட்டதே இல்லை.

அப்பா அம்மா காலத்துக்குப் பிறகு மாடி அண்ணாவுக்கும் மன்னிக்கும், கீழ்வீடு எனக்கும் என் மனைவிக்கும் என்று ஆயிற்று. சமையல் தனித்தனி. ஆனால் கூட்டும் எரிசேரியும் படியில் ஏறி இறங்கிக்கொண்டேயிருக்கும். பிள்ளைகள் எல்லோரும் வெளியூரில். அண்ணா பாலம் கட்டும் இலாகாவில் என்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் யூனிவர்சிட்டி ஆபீசில் கோப்பு தள்ளி ஓய்வு பெற்றவன். ஆகவே வீட்டில் சிமெண்டு, கம்பி, குழாய் சம்பந்தப்பட்ட எதிலும் எனக்கு அபிப்பிராயம் இருக்கக்கூடாது என்பது எழுதப்படாத சட்டம்.

அண்ணாவுக்கு இரண்டு பெருமைகள். ஒன்று, தான் கட்டிய பாலம் எதுவும் விழவில்லை. இரண்டாவது, எழுபத்திரண்டு வயதாகியும் ஒரு மாத்திரை கிடையாது. இந்த இரண்டையும் கல்யாண மண்டபத்தில் பந்திக்கு உட்கார்ந்ததும் பக்கத்து இலைக்காரரிடம் சொல்லிவிடுவார். பக்கத்து இலைக்காரர் பெரும்பாலும் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை போட்டுக்கொண்டு பாயசத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவராக இருப்பார். அண்ணாவுக்கு அதில் ஒரு சந்தோஷம்.

குழாய் கசிகிறது என்றதும் அண்ணா இறங்கி வந்தார். பிளம்பர் பி.வி.சி. போடலாம் என்றார். அண்ணா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"பிளாஸ்டிக்கா? எங்கப்பா போட்டது காஸ்ட் அயர்னாக்கும். ஒரு மூட்டுல ஈயம் இளகியிருக்கு. உருக்கி ஊத்தினா மதி, போறும்."

ஈயம் உருக்கி ஊற்றுகிற ஆள் இப்போது கிடையாது, இரும்புக் குழாய் சொல்லி வைத்தால் வரும், ஆனால் அதைத் தூக்கி நிறுத்த நாலு பேர் வேண்டும் என்று பிளம்பர் பொறுமையாகச் சொன்னார். அண்ணா கேட்கவில்லை. அந்த வாரக் கடைசியில் அவரும் மன்னியும் பெண்ணின் பிரசவத்துக்காகப் பெங்களூர் போவதாக இருந்தது. திரும்பி வந்து தானே நின்று பார்த்துச் செய்வதாகவும், அதுவரை யாரும் குழாயைத் தொடக்கூடாது என்றும் என்னிடம் சொல்லிவிட்டு ரயிலேறினார்.

மாடி காலியானதும் கசிவு நின்றது. பிள்ளையார் காய்ந்து வெளிறி, இரண்டு வாரத்தில் இருந்த ஒரு காதையும் இழந்தார். என் மனைவி மட்டும் அந்த மூலையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள். அவள் கணக்கு டீச்சராக இருந்தவள். மாடியில் ஆளில்லாத இந்த இரண்டு மாதத்தைவிட நல்ல சமயம் கிடைக்காது, அவர்கள் வந்தபிறகு ஆரம்பித்தால் கழிப்பறை இல்லாமல் நாலு பேரும் கீழே வரிசையில் நிற்கவேண்டும் என்று எனக்கு விளக்கினாள். அதற்குமேல் ஒரு வாரம் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாமல் அந்த மூலையைப் பார்த்தாள். நான் பிளம்பருக்குப் போன் செய்தேன்.

அவர் மச்சானைக் கூட்டிக்கொண்டு வந்தார். இரும்பை கிரைண்டரால் துண்டுதுண்டாக அறுத்துக் கயிறு கட்டி இறக்கினார்கள். ஒவ்வொரு துண்டும் தரையில் உட்காரும்போது வீடே 'உம்' என்றது. பிளம்பர் ஒரு துண்டை என்னிடம் திருப்பிக் காட்டினார். வெளியே பார்த்தால் பச்சைப் பெயிண்டில் கம்பீரமாக இருந்தது. உள்ளே துருவும் காரையும் சுற்றிலும் ஏறி, நாலு அங்குலக் குழாய்க்குள் ஓர் எலுமிச்சம்பழம் போகிற வழிதான் மிச்சம். இவ்வளவு நாள் இதில் எப்படிப் போயிற்று என்று கேட்டேன். "கஷ்டப்பட்டுத்தான் போயிருக்கும்" என்றார்.

தரைக்குக் கீழே தோண்டியபோது வேறு விதமான ஆச்சரியம். அங்கே இரும்பு இல்லை, பழைய ஸ்டோன்வேர் குழாய். சுட்ட மண்ணின் மேல் பழுப்புப் பளபளப்பு ஏற்றியது. நேற்றுச் சூளையிலிருந்து எடுத்தது மாதிரி இருந்தது. ஒரு கீறல் இல்லை, உள்ளே ஒரு படிவு இல்லை. இதை மட்டும் தொடவேண்டாம், இது நம்மைவிட அதிக நாள் இருக்கும் என்று பிளம்பர் சொன்னார். என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, இந்த மினுமினுப்பை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்றாள். நம் மாவடு ஊறுகிற பரணி ஜாடிதான், அதே மண், அதே பூச்சு என்று நான் சொல்லியிருக்கக்கூடாது. அன்று சாயங்காலமே மாவடு ஒரு கண்ணாடி பாட்டிலுக்குக் குடிபெயர்ந்தது. பரணி இப்போது கொல்லையில் துளசிக்குப் பக்கத்தில் நிற்கிறது.

பி.வி.சி. வந்த விதமே தனி. இரும்பு அந்தக் காலத்தில் மாட்டு வண்டியில் வந்தது. இது ஆட்டோவின் கூரையில் கட்டி வந்தது. பிளம்பர் பத்தடிக் குழாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மறு கையில் டீ கிளாசோடு படியேறினார். சணல் கிடையாது, ஈயம் கிடையாது. மூட்டில் பசையைத் தடவினார், செருகினார், பத்து எண்ணினார், முடிந்தது. ஒரே பகலில் மாடியிலிருந்து தரை வரை சாம்பல் நிறக் குழாய் இறங்கிவிட்டது. வேலை நடுவில் அவர் ஒரு விஷயம் சொன்னார்.

"சத்தம் வரும் சார். இரும்புன்னா கனம், சத்தத்த முழுங்கிரும். இது உடுக்கு மாதிரி பாத்துக்கிடுங்க. சுத்தி ஏதாவது கட்டுனா நல்லது."

தண்ணீர் விழுந்தால் சத்தம் வராமல் சங்கீதமா வரும் என்று நான் சொன்னேன். எனக்கு வேலை சீக்கிரம் முடிந்து சுவருக்கு வெள்ளையடித்தால் போதும் என்றிருந்தது. சோதனைக்காக அவர் மாடியில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டியபோது நானும் மாடியில் அவர் பக்கத்தில் நின்றேன். நன்றாகப் போயிற்று. கீழே என்ன கேட்டது என்று சொல்ல ஆளில்லை. என் மனைவி சாலை மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள்.

பெங்களூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் வீடியோ கால் வரும். முதலில் பேரனைக் காட்டுவார்கள். பிறகு அண்ணா குழாயைக் காட்டச் சொல்வார். நான் ஆறு வாரம் போனை வடக்குப் பார்த்தே பிடித்தேன். ஒருமுறை நெட்வொர்க் சரியில்லை என்று சொன்னேன். ஒருமுறை நிஜமாகவே சரியில்லை.

திரும்பி வந்த அன்று அண்ணா செருப்பைக் கழற்றியதும் மூலைக்குத்தான் போனார். விரல் முட்டியால் குழாயைத் தட்டினார். டொக்கென்றது.

"பொம்மைக் கடையிலேர்ந்து வாங்கினதாக்கும்" என்றார். அவ்வளவுதான். அதன் பிறகு நாலு நாள் என்னோடு பேசவில்லை.

அவர் பேசவில்லை என்றேனே தவிர, குழாய் பேசியது. அன்று சாயங்காலமே ஆரம்பித்தது. நானும் மனைவியும் டி.வி.யில் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தோம். கதாநாயகி கண் கலங்கி, "என் மனசுல இருக்கிறத இன்னிக்குச் சொல்லிடறேன்" என்று வாயெடுத்தாள். அப்போது மேல்தளத்திலிருந்து ஓர் இருமல். அதைத் தொடர்ந்து ஓர் அருவி டி.வி.க்குப் பின்னால் ஆள் உயரத்தில் விழுந்து, தரைக்கடியில் களகளவென்று சிரித்துக்கொண்டே தெருவுக்குப் போயிற்று. கதாநாயகி மனசில் என்ன இருந்தது என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். அப்புறம் சிரித்தோம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மேலே கேட்காமல், தலையணையில் வாயைப் புதைத்துச் சிரித்தோம்.

ஒரு வாரத்தில் சிரிப்பு தீர்ந்துவிட்டது. கூடத்தில் உட்கார்ந்து காப்பி குடிக்கவும் சங்கடமாக இருந்தது. அண்ணா கதவைத் திறந்துகொண்டு நம் நடுவில் வந்து போகிற மாதிரி இருந்தது. மனைவியின் சித்தி பெண் ஒருத்தி வந்திருந்தபோது குழாய் முழங்கிற்று. மழையா என்று கேட்டாள். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. ஆமாம் என்றாள் என் மனைவி. வந்தவள் குடையில்லாமல் வந்துவிட்டேனே என்று எழுந்து போனாள்.

பிறகு ஒரு நாள் மனைவி காலண்டர் தாளின் பின்பக்கத்தை என்னிடம் நீட்டினாள். பென்சிலால் கோடுகள். நாலு நின்ற கோடு, குறுக்கே ஒன்று. மறுபடி நாலு, குறுக்கே ஒன்று. அப்புறம் தனியாக நாலு.

"காத்தாலக் காப்பியிலேர்ந்து ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் பதினாலு. நேத்து பதிமூணு. இது சரியில்லை, கேட்டேளா."

நான் பெங்களூர்ச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்றேன். வந்து மூன்று வாரமாயிற்று என்று அவள் நினைவூட்டினாள். அப்படியென்றால் என்மேல் உள்ள கோபத்தில் வேண்டுமென்றே சங்கிலியை இழுத்துவிடுகிறார் என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில், வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் என் நினைவுக்கு வந்தார்கள்.

அவள் சொல்லிவிட்டுப் போனபிறகு நான் உட்கார்ந்து யோசித்தேன். நாகர்கோவிலில் அத்தை பேரன் கல்யாணத்துக்கு அண்ணா வரவில்லை. வெயில் என்றார். வெயிலுக்குப் பயந்து பந்தியை விட்டவர் இல்லை அவர். ஆற்றங்கரை வரை காலையில் நடப்பவர் இப்போது தெருமுனையோடு திரும்பிவிடுகிறார். நவராத்திரிக் கச்சேரிக்குப் போனபோது எப்போதும் முன்வரிசையில் உட்கார்ந்து தாளம் போடுகிறவர், வாசல் பக்கத்து நாற்காலியில் இருந்தார். அங்கேதான் காற்று வருகிறது என்றார். இதையெல்லாம் நான் பார்த்திருந்தேன். ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்கவில்லை. எங்கள் வீட்டில் கூட்டிப் பார்ப்பது எப்போதும் மனைவியின் வேலை.

பார்த்தபிறகு எப்படிச் சொல்வது என்பது பெரிய கேள்வியாயிற்று. நானும் அண்ணாவும் அறுபது வருஷத்துக்கு மேலாக ஒரே வீட்டில் இருந்தாலும் இடுப்புக்குக் கீழே எந்த விஷயமும் பேசியதில்லை. எனக்குப் பூணூல் போட்டபோது கோவணம் கட்டக் கற்றுக்கொடுத்தது அவர்தான். அதோடு அந்த அத்தியாயம் முடிந்தது. கடைசியில் குழாயையே சாக்காக வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன்.

காலையில் பேப்பர் எடுக்க அவர் இறங்கி வந்தார். மன்னியும் வெண்டைக்காய் நறுக்க என் மனைவியோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் அண்ணாவிடம், புதுக் குழாய் சத்தம் போடுகிறது, இரும்புதான் நல்லது என்று அண்ணா சொன்னது சரிதான் என்றேன். தோற்றேன் என்று சொன்னால் யாரும் காது கொடுப்பார்கள். அண்ணாவும் கொடுத்தார். முகம் மலர்ந்தது. ஆனால் சத்தத்தை நம்பவில்லை. மாடியில் ஒன்றும் கேட்கவில்லையே என்றார். உனக்குக் காதைத்தான் மாற்றவேண்டும் என்றார்.

நான் அவரை என் சாய்வு நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு மாடிக்குப் போய்ச் சங்கிலியை இழுத்தேன். டாங்கி நிரம்பும்வரை நின்று இன்னொருமுறையும் இழுத்தேன். ஒரு தடவையில் நம்பமாட்டார் என்று எனக்குத் தெரியும்.

இறங்கி வந்தபோது அண்ணா நாற்காலியில் நுனிக்கு வந்திருந்தார். பேப்பர் மடியில் கிடந்தது. மனைவியும் மன்னியும் வெண்டைக்காயைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை.

"எல்லாம் இப்படித்தான் கேக்குமா?" என்றார்.

"எல்லாம்."

"நாங்க வந்த நாளிலேர்ந்தா?"

"ஆமாம்."

கொஞ்ச நேரம் குழாயைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டார். "எண்ணினியா?"

"நான் எண்ணலை. இவ எண்ணினா."

என் மனைவி தலையைத் தூக்காமல் எண்ணைச் சொன்னாள். அதைச் சொல்லும்போது அவள் குரல் வகுப்பில் விடை சொல்கிற மாதிரி இல்லை.

அண்ணா கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பேப்பரை நாலாக மடித்தார். மடித்ததை மறுபடி பிரித்தார். "ஒரு வருஷத்துக்கு மேலாயாச்சுடா" என்றார். "போகணும்போகணும்னு இருக்கும். போய் நின்னா சொட்டுச் சொட்டா. திரும்பி வந்து உக்காந்தா மறுபடியும் போகணும்."

டாக்டரிடம் போயிருக்கலாமே என்று கேட்டேன். அவர் ஆபீசில் கூட வேலை பார்த்த ஒருவருக்கும் இதே மாதிரிதான் ஆரம்பித்தது என்றும், டாக்டரிடம் போன மூன்றாம் மாதம் போய்ச் சேர்ந்தார் என்றும் சொன்னார். டாக்டரிடம் போனதால் போகவில்லை அண்ணா, நேரம் கழித்துப் போனதால் போனார் என்றேன். அவர் கை பேப்பரின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டேயிருந்தது. எழுபத்திரண்டு வயதுக்காரர் ஒருவர் பயப்படுவதை நான் அவ்வளவு பக்கத்தில் அதற்கு முன் பார்த்ததில்லை. பயப்படுகிறவர் அண்ணா என்பதால் எனக்கும் பயம் வந்துவிட்டது. சிறு வயதிலிருந்தே அப்படித்தான். இடிக்கு அவர் கண்ணை மூடினால்தான் நான் மூடுவேன்.

இரண்டாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் சின்ன வயதுப் பெண். அண்ணாவுக்கு அதுவே பாதி மயக்கத்தை வரவழைத்தது. பகலில் எத்தனை தடவை போகிறீர்கள் என்று மலையாளத்தில் கேட்டார். நாலு, மிஞ்சினால் அஞ்சு என்றார் அண்ணா. பதினாலு என்றேன் நான். டாக்டர் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நீங்கள் இருவரும் ஒரே அறையிலா இருக்கிறீர்கள் என்று கேட்டார். இல்லை, இவர் மாடி, நான் கீழே என்றேன். பின்னே உங்களுக்கு எப்படித் தெரியும் என்றார்.

அண்ணா பெருமூச்சு விட்டார். "பைப் மாத்தி, டாக்டரே" என்றார். "காஸ்ட் அயர்ன் ஆயிருந்நு. இவன் பி.வி.சி. ஆக்கி."

டாக்டருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் சிரிப்பை அடக்க மேஜைக்குக் கீழே எதையோ தேடினார். தேடி முடித்து நிமிர்ந்து, பதினாலு என்று எழுதிக்கொண்டார்.

ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். ரிசல்டு வர நாலு நாள் ஆகும் என்றார்கள். அந்த நாலு நாள் நான் கூடத்தைவிட்டு நகரவில்லை. முன்பு எந்தச் சத்தத்தைக் கேட்டு எழுந்து போவேனோ, அதற்காகக் காத்திருந்தேன். குழாய் பேசினால் சரி, அண்ணா நடமாடுகிறார் என்று அர்த்தம். ஒரு மத்தியானம் ரொம்ப நேரம் சத்தமில்லாமல் போய், நான் படியேறி எட்டிப் பார்த்தேன். தூங்கிக்கொண்டிருந்தார். மன்னி என்னவென்று கேட்டாள். ஒன்றுமில்லை, கொஞ்சம் தயிர் வேண்டும் என்று சொல்லி, வீட்டில் இருந்த தயிரோடு இன்னொரு கிண்ணம் தயிரையும் வாங்கிக்கொண்டு இறங்கினேன்.

ஐந்தாம் நாள் பயந்த மாதிரி எதுவும் இல்லை என்று தெரிந்தது. சுரப்பி வீங்கிப் பாதையை நெருக்குகிறது, வயதானால் வருவதுதான், இப்போதைக்கு மாத்திரை போதும் என்றார் டாக்டர். படம் வரைந்தும் காட்டினார். அண்ணா என்ஜினீயர் ஆயிற்றே, பாதையின் விட்டம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று கேட்டார். எனக்கு நம் பழைய இரும்புத் துண்டும் எலுமிச்சம்பழமும் ஞாபகம் வந்தன. வாயைத் திறக்கவில்லை. எனக்கும் சில நேரம் புத்தி இருக்கும்.

அன்று சாயங்காலம் மன்னி பால் பாயசம் வைத்துக் கொண்டுவந்தாள். அண்ணா மாடியில் பெண்ணோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். நான் மன்னியிடம், நல்லவேளை குழாய் சத்தம் போட்டது, இல்லாவிட்டால் யாருக்குமே தெரிந்திருக்காது என்றேன். மன்னி பாயசத்தை ஊற்றிக்கொண்டே, தனக்கு முதல் வாரமே தெரியும் என்றாள். கீழே பூ கட்ட வந்து உட்கார்ந்திருந்தபோது கேட்டாளாம். அன்றிலிருந்து தான் மட்டும் கொல்லைப்புறத்துக் கழிப்பறைக்குத்தான் போவதாகவும் சொன்னாள். அதாவது என் மனைவியின் கோடுகள் அத்தனையும் கலப்படமில்லாத அண்ணாவின் கணக்கு.

ஏன் அவரிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"ஒரு வருஷமா டாக்டராத்துக்குப் போங்கோன்னு சொல்லறேன். கேக்கறதில்லை. யார்ட்டயும் பறையக்கூடாதுன்னு என் கையில சத்தியம் வேற வாங்கிண்டார். நான் வாயைத் தொறக்கப்படாது, ஷெரி. நீங்க காதை மூடிக்கணும்னு சத்தியம் ஒண்ணும் இல்லையே."

என் மனைவி அவளைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்தபோது, இந்த விஷயத்தில் வீட்டில் கடைசியாகப் புரிந்துகொண்டவன் நான்தானோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது. கேட்கவில்லை. பாயசம் நன்றாக இருந்தது.

மாத்திரை இரண்டு மூன்று வாரத்தில் வேலை செய்ய ஆரம்பித்தது. உடம்பு தேறியதும் அண்ணாவுக்கு மானம் திரும்பி வந்தது. குழாயை உடனே மூடவேண்டும் என்றார். பிளம்பரை அழைத்து, மூலையில் உட்கார்ந்து, காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். குழாயைச் சுற்றி இரண்டு சுற்று தென்னை நார் மெத்தை, அதைச் சுற்றி சிமெண்டுப் பலகை, சந்துகளில் மறுபடி நார். ஒரு பாலத்துக்குத் தேவையான அளவு யோசனை அதில் இருந்தது. இதைத்தானே அன்றைக்கே சொன்னேன் என்பதுபோலப் பிளம்பர் என் பக்கம் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

எல்லாம் முடிந்ததும் அண்ணா அந்தப் பலகைப் பெட்டியின் மேல் காதை வைத்துக்கொண்டார். நான் மாடிக்குப் போய் இழுத்தேன். இறங்கி வந்தபோது அவர் இன்னும் காதை எடுக்கவில்லை. தூரத்தில் யாரோ அரிசி களைகிற மாதிரி இருக்கிறது என்றார். இரும்பாக இருந்தால் அதுவும் கேட்காது என்று சேர்த்துக்கொண்டார். இந்த விவாதம் முடிந்தபாடில்லை. துருப்பிடிக்காது, கசியாது என்று நான் சொல்வேன். வெயில் பட்டால் உன் பிளாஸ்டிக் பத்து வருஷத்தில் பொடியும் என்று அவர் சொல்வார். கூடத்துக்குள் வெயில் எங்கிருந்து வரும் என்று நான் கேட்பேன். பூமிக்கடியில் இருக்கிற மண்குழாய் மட்டும் இரண்டு கட்சியிலும் சேராமல் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்கு நாங்கள் நாலு பேரும் பஸ்ஸில் பாலக்காடு வரை போனோம். அண்ணா ஜன்னலோரத்தில் உட்கார்ந்து கொல்லம் வரை தூங்கினார். பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் பேசிக்கொண்டிருப்பது என் காதில் விழுந்தது. ராத்திரியில் எத்தனை தடவை எழுந்திருக்கிறீர்கள், மறைக்காமல் சொல்லுங்கள் என்று அவரை விசாரித்துக்கொண்டிருந்தார். அந்த மனிதர் இலையை விட்டு எழுந்திருக்கவும் முடியாமல், பதில் சொல்லவும் முடியாமல் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தார்.

கூடத்தில் இப்போது டி.வி. நிம்மதியாக ஓடுகிறது. மனைவி கோடு போடுவதை விட்டுவிட்டாள். காலையில் பேப்பர் எடுக்க இறங்கி வரும்போது அண்ணாவிடம் எப்படி இருக்கிறது என்று கேட்கிறேன். நேற்றைக்கு ஏழு என்கிறார். பிறகு பேப்பரைப் பிரிக்கிறார்.